தீர்மானத்தின் வலிமை எவ்வளவு?

சட்டசபையில் ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டால் மத்திய அரசின் சட்டம் அன்றோடு ஒழிந்தது என்று காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்களில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்கள் பலர் நம்புகின்றனர். புகைவண்டி நிலையத்தில் சீட்டு வாங்க வரும் பெரியவர்களும் நம்மிடம் இதனைக் கேட்பதுண்டு.

2019 டிசம்பர் 31-ஆம் நாள், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு கேரள சட்டசபை தீர்மானம் இயற்றிற்று. அரசியல் சட்டத்தின் 131-ஆம் பிரிவின்கீழ் கேரள அரசு உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தது. 2021 செப்டம்பர் 8-ஆம் நாள் தமிழ்நாடு சட்டசபையும் அதே கோரிக்கையை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர்க்கே வழிசெய்யும் அச்சட்டத்தில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இடமில்லை. நமக்கு நெஞ்சை உறுத்துவது அதுவே. ஆயினும் குடியுரிமை மத்தியப் பட்டியலைச் சேர்ந்த பொருள்; நாம் உழைக்கும் ரயில்வேயும் அப்படித்தான். தீர்மானங்கள் இருக்கவே, 2024 மார்ச் 11-ஆம் நாள் அச்சட்டத்தின் விதிகள் வெளியாயின.

இதனை அறிய நாம் தூரம் போகவேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தன. தமிழர் வேண்டி நின்ற நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே எல்லை விழுந்தது. அதனை வகுத்தது பாராளுமன்றம். எல்லையை மாற்றுங்கால் சட்டசபையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. ஏற்கவேண்டும் என்று சொல்லவில்லை. 2014 ஜனவரி 30-ஆம் நாள் ஆந்திர சட்டசபை பிரிவினை மசோதாவை நிராகரித்தது. ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா உதயமாகிவிட்டது!

அதற்காகத் தீர்மானம் வெறுங்காகிதம் என்று தள்ளிவிடலாகாது. 1967 ஜூலை 18-ஆம் நாள் சென்னைச் சட்டசபை நம் நாட்டின் பெயரை மாற்றக் கோரியது. பாராளுமன்றம் இசைந்து சட்டம் செய்தபின், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்னும் பெயர் வழங்கலாயிற்று. ராஜ்யத்தில் மேல்சபை அமைக்கவோ கலைக்கவோ வேண்டுமாயின், 169-ஆம் பிரிவின்படி சட்டசபையின் தீர்மானமே முதற்படி. அது இல்லாமல் பாராளுமன்றம் அசைய முடியாது. ஆக, எந்தப் பிரிவின்கீழ் எழுந்த தீர்மானம் என்று பார்த்தே அதன் பலத்தை எடைபோட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு பெரியவரிடம் விளக்கினோம். எல்லைப் போராட்டத்தில் தம் தந்தையார் ஊர்வலம் போனதை அடிக்கடி சொல்பவர் அவர். அவருடைய தமக்கையார் அக்கரையில் வாழ்க்கைப்பட்டவர். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"அந்த மூன்றாம் பிரிவை அன்றைக்கே யாராவது எங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். பிறகு குழித்துறைக்கு ஒரு சீட்டுக் கேட்டார்.