கல்தூசு போகும் வழி

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து வானூர், திருவக்கரை கல்குவாரிக்கோ கிரஷருக்கோ வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மூச்சுக்காற்று போகும் வழி உங்களுக்கு வெறும் பள்ளிப் பாடம் இல்லை.

மூக்கு முடியும் சளியும் காற்றை வடிகட்டுகின்றன. குரல்வளை தாண்டி மூச்சுக்குழாயில் இறங்கும் காற்று, இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் போகிறது. குழாய்ச் சுவரிலுள்ள நுண்முடிகள் தூசியைச் சளியோடு மேலே தள்ளும். வேலை விட்டு வந்து துப்பினால் சாம்பல் நிறத்தில் வருவது அதுதான். ஆனால் கருங்கல்லை உடைக்கையில் எழும் சிலிக்கா தூளில் மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் உண்டு. அவை கடைக்கோடியிலுள்ள காற்று நுண்ணறை வரை போய்விடும். அங்கே நுண்முடி கிடையாது. தூசியை விழுங்க வரும் செல்களே செத்துப்போக, பிராணவாயு ரத்தத்தில் கலக்க வேண்டிய மெல்லிய சுவர் தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பல ஆண்டு கழித்தே தெரியும். வேலையை விட்ட பிறகும் முற்றலாம். குணப்படுத்த மருந்து இல்லை.

இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு என்றதும் டிபி என்றே பலரும் நினைக்கிறார்கள். சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனால், என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது இந்தத் துகளைத் தடுக்காது. கல்லில் தண்ணீர் தெளிப்பதும், கிரஷரை மூடி இயக்குவதும், தரமான முகக்கவசம் தருவதும் முதலாளியின் கடமை.

தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் வந்தபோது சென்னை மாகாணப் பிரதமர் நம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். சிலிக்கோசிஸைக் கண்டறியும் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அன்றே அதில் எழுதியாகிவிட்டது. எழுத்தோடு நின்றதுதான் அதிகம். தொழில்சார் நோய்க்கு இழப்பீடு பெறும் உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. காண்ட்ராக்ட் ஆள் என்று குவாரிக்காரர் கைகழுவ முடியாது. முதன்மை வேலையளிப்பவரும் பொறுப்பு. இஎஸ்ஐ அட்டை இருந்தால் அங்கே கேட்க வேண்டும். இல்லாதவர்கள் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.