அடுத்தவர் காரை ஓட்டுபவருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

வருடம் 50 ரூபாய்தான். கேட்டு வாங்குபவர் குறைவு

பெங்களூரில் சொந்தக் கார் இல்லாமலே நாள் முழுவதும் கார் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஜெயநகர், இந்திராநகர் பங்களாக்களில் வீட்டு டிரைவராக இருப்பவர்கள் ஒரு வகை. கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இன்னொரு வகை. வழக்கமான டிரைவர் லீவு போட்டால் ஒருநாள் கூலிக்கு வரும் 'ஆக்டிங் டிரைவர்'கள் மூன்றாவது வகை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள் இந்த மூன்று வகையிலும் இருக்கிறார்கள்.

இவர்களிடம், "உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால், "வண்டிக்கு இருக்கிறதே!" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வண்டிக்கு உள்ள இன்ஷூரன்ஸ் வேறு. அதை ஓட்டுகிறவருக்கு உள்ள இன்ஷூரன்ஸ் வேறு. இந்த வித்தியாசம் பல வீடுகளில் விபத்து நடந்த பிறகுதான் தெரியவருகிறது.

வண்டியைப் பார்த்தே பிரீமியம்

அமெரிக்காவில் சொந்தக் கார் இல்லாதவரும் தன் பெயரில் கார் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். இரவல் காரையோ வாடகைக் காரையோ ஓட்டி யார் மீதாவது மோதிவிட்டால் அந்தப் பாலிசி கைகொடுக்கும். ஆளின் வயதையும், முன்பு விபத்து செய்திருக்கிறாரா என்பதையும் பார்த்துப் பிரீமியம் போடுவார்கள்.

நம் நாட்டில் அப்படிப்பட்ட பாலிசி வழக்கத்தில் இல்லை. இங்கே இன்ஷூரன்ஸ் வண்டியோடு ஒட்டியது. 1946 ஜூலை 1 முதல், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்ற சட்டம் இந்தியாவில் அமலில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதையே சொல்கிறது.

கட்டாயமான 'தேர்டு பார்ட்டி' பிரீமியத்தை அரசாங்கமே வகுக்கிறது. 2022 ஜூன் 1-ந்தேதி வந்த விகிதப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத சொந்த உபயோகக் காருக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதையும் தாண்டினால் 7,897 ரூபாய். அதே 1200 சி.சி. கார் டாக்சியாக ஓடினால் 7,940 ரூபாயும், பயணி ஒருவருக்கு 978 ரூபாயும் கட்ட வேண்டும். நான்கு பயணிகளுக்குக் கணக்குப் போட்டால் 11,852 ரூபாய். வரி தனி.

இதில் டிரைவரைப் பற்றிய பேச்சே இல்லை. இருபது வருடம் கீறல் விழாமல் ஓட்டியவருக்கும், போன மாதம் லைசென்ஸ் எடுத்தவருக்கும் பிரீமியம் ஒன்றுதான்.

இதில் டிரைவருக்கு ஒரு நன்மை உண்டு. சொந்தக்காரரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்சோடு யார் ஓட்டினாலும், அந்த வண்டியால் அடிபட்ட வெளியாளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரும். ஆகவே, "யார் மேலாவது மோதிவிட்டால் பணத்துக்கு எங்கே போவது?" என்ற பயம் பெரும்பாலும் வேண்டியதில்லை. அடிபட்டது டிரைவராகவே இருந்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்த 15 லட்சம் யாருக்கு?

பாலிசி காகிதத்தில் 'ஓனர்-டிரைவர்' விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய் என்று ஒரு வரி இருக்கும். 2018-ல் இந்தத் தொகை 15 லட்சமாக உயர்த்தப்பட்டு, பிரீமியம் 750 ரூபாய் என்று வைக்கப்பட்டது. இதைப் பார்க்கும் டிரைவர்கள் தங்களுக்கும் 15 லட்சம் உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, அவரே ஓட்டிச் சென்று விபத்தில் சிக்கினால்தான் அந்தப் பணம். சம்பள டிரைவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

இரவல் வாங்கி ஓட்டியவர்கள்

கர்நாடகத்தில் நடந்த இரண்டு வழக்குகளை டிரைவர்கள் மட்டுமல்ல, சிநேகிதரின் வண்டியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் இன்னொருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இல்கல்லிலிருந்து தன் சொந்த ஊருக்குப் போனார். முன்னால் சென்ற மாட்டு வண்டி மீது மோதி இறந்துவிட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. வண்டியை இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் இடத்தில் இருப்பவர். ஆகவே யார் மீது தவறு என்று பார்க்காமல் நஷ்டஈடு தரும் பிரிவில் அவர் குடும்பம் பணம் கேட்க முடியாது என்று 2009 மே மாதம் தீர்ப்பு வந்தது. வேறு பிரிவில் பரிசீலிக்கும்படி வழக்கு ஐகோர்ட்டுக்குத் திரும்பியது.

இரண்டாவது விபத்து 2014 ஜூன் 18-ந்தேதி நடந்தது. அரசிகெரேக்குக் காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர், வண்டி கட்டுப்பாட்டை இழந்து உருண்டதில் உயிரிழந்தார். கார் அவருடையது அல்ல. குடும்பத்தினர் 80 லட்சம் ரூபாய் கேட்டார்கள். வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியவர் அவரே. தன் தவறால் நேர்ந்த சாவுக்கு வாரிசுகள் நஷ்டஈடு கேட்க முடியாது என்று கர்நாடக ஐகோர்ட்டு சொன்னது. 2025 ஜூலை 2-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

சம்பள டிரைவரின் உரிமை

சம்பளத்துக்கு ஓட்டுகிறவரின் நிலை இதைவிட மேலானது. அவர் தொழிலாளி. வேலை நேரத்தில் வேலை காரணமாக விபத்தில் இறந்தால், தவறு அவர் மீதே இருந்தாலும், முதலாளி நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வயதையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடும் முறை அதிலும் உண்டு.

தொகை எவ்வளவு வரும்? பழைய சட்டத்தில் 2020 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் பாதி 7,500. டிரைவருக்கு 35 வயது என்றால் அதை 197.06-ஆல் பெருக்க வேண்டும். 14 லட்சத்து 77 ஆயிரத்து 950 ரூபாய் வரும்.

இந்தச் சுமையை முதலாளி இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலையில் வைத்துவிடலாம். பாலிசியில் 'சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு' என்று ஒரு வரி உண்டு. அதற்கு வழக்கமான பிரீமியம் டிரைவர் ஒருவருக்கு வருடம் 50 ரூபாய். இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் ஆகும் செலவு! அந்த வரி இருந்தால் டிரைவரின் மனைவி, மக்கள் முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. முதலாளியும் தன் கையிலிருந்து லட்சக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டியதில்லை. இருவருக்கும் லாபமான இந்த வரியைப் பாலிசி புதுப்பிக்கும்போது பலர் கவனிப்பதில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. இவர் இந்த வண்டியில் சம்பள டிரைவர்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். பல வீட்டு டிரைவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. ஆக்டிங் டிரைவர் கதை இன்னும் மோசம். கூலியை ரொக்கமாக வாங்காமல் பேங்க் கணக்கிலோ போன் வழியாகவோ வாங்கினால், அதுவே ஒரு சாட்சி.

டிங்கர் செலவு யார் தலையில்?

பம்பரில் கீறல் விழுந்தால் டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முழு இன்ஷூரன்ஸ் இருந்தும் ஏன் பிடிக்கிறார்கள்? ஒரு வருடம் கிளெய்ம் கேட்காவிட்டால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் அடுத்த வருடம் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருடம் தொடர்ந்து கேட்காவிட்டால் 50 சதவீதம். சின்னக் கிளெய்ம் கேட்டால் அந்தச் சலுகை போய்விடும். தள்ளுபடி முதலாளிக்கு, அதைக் காப்பாற்றும் செலவு டிரைவருக்கு. வேலையில் சேரும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது.

லைசென்சும் போர்டும்

லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால் எல்லாம் கெட்டது. அப்படிப்பட்ட வழக்குகளில் அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்யலாம் என்பது 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 'ஒயிட் போர்டு' காரை வாடகைக்கு ஓட்டினாலும் தகராறுதான். சொந்த உபயோகம் என்று சொல்லிப் பிரீமியம் கட்டிய வண்டி அது.

டிரைவர்களுக்கு ஆறுதலான தீர்ப்பு ஒன்று 2024 நவம்பர் 6-ந்தேதி வந்தது. இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத டாக்சி, வேன்களைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 'பேட்ஜ் இல்லை' என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கம்பெனி கைவிரிக்க முடியாது.

டிரைவர் தானே செய்யக்கூடியது

முதலாளி எதுவும் செய்யாவிட்டாலும் டிரைவருக்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 2015-ல் 12 ரூபாயாக இருந்த வருடப் பிரீமியம், 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆனது. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். யாருடைய வண்டி, யார் மீது தவறு என்ற கேள்வி இல்லை. சேமிப்புக் கணக்கு உள்ள பேங்கில் எழுதிக் கொடுத்தால், வருடா வருடம் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பும் போய்விடும். எனவே மே மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கர்நாடகத் தொழிலாளர் துறையின் விபத்து உதவித் திட்டமும் உண்டு. ஊரில் எடுத்த லைசென்சை வைத்திருப்பவர்கள், தங்களுக்கு அது பொருந்துமா என்று அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சாவியை வாங்கும்போது பாலிசியையும் ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும். தேதி முடிந்துவிட்டதா, சொந்த உபயோகமா வாடகையா, சம்பள டிரைவருக்கு 50 ரூபாய் கட்டியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மூன்றாவது இல்லை என்றால், "ஐயா, அடுத்த தடவை புதுப்பிக்கும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். முதலாளி தயங்கினால், அந்த 50 ரூபாயைத் தன் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளச் சொல்லலாம்.