பரு மாத்திரையும் தறிக்காரர் தலைவலியும்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் யாராவது தலைவலி என்றால், "ராத்திரி விளக்குல தறி நெஞ்சிருப்ப" என்று பதில் வரும். பெரும்பாலும் அது சரிதான். பட்டிழையையும் சரிகையையும் நாளெல்லாம் உற்றுப் பார்க்கும் கண் வலிக்கத்தான் செய்யும். ஆனால், முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குத் தலைவலி என்றால் தறியின் மேல் பழிபோட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், வைட்டமின் ஏ வழியில் வந்த ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை பருவுக்குப் பரவலாகத் தரப்படுகின்றன. ஐசோட்ரெட்டினாயினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி தந்தது. பெரும்பாலோருக்கு இவை நல்ல பலனே தருகின்றன. மிகச் சிலருக்கு மட்டும் மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தம் ஏறி, கண் நரம்பை நெரிக்கிறது. கவனிக்காமல் விட்டால் போன பார்வை திரும்பாமலும் போகலாம்.

வைட்டமின் ஏ மிதமிஞ்சினாலும் இதே அழுத்தம் ஏறும். அதனால் ஐசோட்ரெட்டினாயினோடு வைட்டமின் ஏ மாத்திரையோ டாக்சிசைக்ளினோ சேரக் கூடாது. தோல் மருத்துவருக்கு இது தெரியும். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கும்போதும், சளிக்கோ காய்ச்சலுக்கோ வேறு டாக்டரிடம் போய்ப் பரு மாத்திரையைச் சொல்லாமல் விடும்போதும்தான் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. ஐசோட்ரெட்டினாயின் கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், பெண்கள் அதை டாக்டர் கண்காணிப்பில்லாமல் தொடவே கூடாது.

கண் அசதியால் வரும் வலி, தறியை விட்டெழுந்து ஓய்வெடுத்தால் தணியும். அழுத்தத்தால் வரும் வலி படுத்தால் கூடும். விடியற்காலையில் குமட்டலோடு எழுப்பும். அறுந்த பாவிழையை முடியக் குனிந்துவிட்டு நிமிர்கையில் சில நொடி பார்வை இருண்டு தெளியலாம். நாடித் துடிப்போடு சேர்ந்து காதுக்குள் இரைச்சல் கேட்கலாம். சேலையின் ஒரு கரை இரண்டாகத் தெரியலாம். உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு இந்த ஆபத்து சற்று அதிகம். அழுத்தம் ஏறாமலே ஐசோட்ரெட்டினாயின் இரவுப் பார்வையைக் குறைப்பதும் உண்டு. மினோசைக்ளின் சிலருக்கு வெறும் தலைசுற்றலை மட்டும் தரும்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு நரம்பின் வீக்கத்தைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எடுத்து, முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறைக்கும் மாத்திரை தந்தாலே சரியாகிவிடும். சொட்டு விட்ட பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். அன்று தறியில் உட்கார முடியாது, துணைக்கு ஓர் ஆளோடு போவது நல்லது.