முகூர்த்தத்துக்குப் பூ எடுக்க நாள் கணக்கு

திருமண மண்டபத்தில் மேடையில் இருக்கும் பூ நிஜமா, பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்த்தால்தான் இப்போது தெரிகிறது. வாசல் வளைவு, மேடையின் பின்புறம், நடைபாதை ஓரம் என்று பெரும் பரப்பைச் செயற்கைப் பூ பிடித்துக்கொண்டது. அலங்காரம் செய்பவருக்கு இது எளிய கணக்கு. ஒரு முறை வாங்கினால் தூசி தட்டிப் பல கல்யாணங்களுக்குப் பயன்படுத்தலாம். விலை ஏறுமா, மழையில் வரத்து நிற்குமா என்ற கவலை இல்லை.

ஆனால் மணமக்கள் கழுத்தில் விழும் மாலையும், மணப்பெண் கூந்தலில் ஏறும் பூவும் இன்றும் நிஜப் பூதான். தாலி கட்டும் நேரத்தில் பிளாஸ்டிக் மாலை போட எந்த வீட்டுப் பெரியவரும் சம்மதிக்க மாட்டார். வாசனைக்கும் பிளாஸ்டிக்கில் மாற்று கிடையாது. எனவே கல்யாணச் சந்தையை நம்பிப் பூ பயிரிடும் விவசாயிகள் கழுத்துக்கும் கூந்தலுக்கும் போகும் பூவுக்கு முதலிடம் கொடுங்கள். மேடைக்குப் போகும் பூவை இரண்டாம் இடத்தில் வையுங்கள். அடுத்து, பருவத்தைப் பார்த்து மட்டும் பயிரிடாமல் தேதியைப் பார்த்தும் பயிரிடுங்கள்.

மாலை எப்படி மாறியிருக்கிறது?

முன்பு கல்யாண மாலை என்றால் கனமாக இருக்க வேண்டும். சம்பங்கியும் அரளியும் ரோஜாவும் சேர்த்துத் தடிமனாகக் கட்டுவார்கள். இன்றைய மணமக்கள் மணிக்கணக்கில் புகைப்படத்துக்கு நிற்க வேண்டியிருப்பதால் எடை குறைந்த மாலை கேட்கிறார்கள். ரோஜா இதழை மட்டும் பிரித்து அடுக்கிக் கோர்த்த மாலை, தாமரை இதழை மடித்துச் செய்த மாலை, மல்லி மொட்டை மட்டும் நெருக்கிக் கட்டிய மெல்லிய மாலை ஆகியவை அதிகம் போகின்றன. சேலையின் நிறத்துக்கு ஏற்ப மாலை கேட்பதும் வழக்கமாகிவிட்டது. அடர் சிவப்போடு இளஞ்சிவப்பு, சந்தன நிறம், வெள்ளை ஆகியவற்றுக்கும் தேவை வந்திருக்கிறது.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எடை குறைந்த மாலையில் ஒவ்வொரு பூவும் கண்ணில் படும். தடித்த மாலையில் ஒரு சொத்தைப் பூ உள்ளே மறைந்துவிடும், மொட்டு மாலையில் மறையாது. ஆகவே மாலை கட்டுபவர் கிலோ கணக்கோடு பூவின் தரத்தையும் பார்த்து வாங்குகிறார். மொட்டு ஒரே அளவில் இருக்க வேண்டும், பழுப்புப் புள்ளி இருக்கக் கூடாது, காம்பு ஒடிந்திருக்கக் கூடாது. தரம் பிரித்துக் கொடுக்கும் விவசாயிக்கு முகூர்த்த நாளில் தனி விலை சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

கூந்தல் அலங்காரத்திலும் மாற்றம் உண்டு. வரவேற்பு நிகழ்ச்சிக்கு ஜிப்சோபிலா என்ற சிறு வெள்ளைப் பூவைக் கொண்டையில் செருகுகிறார்கள். இது குளிர்ந்த பகுதிக்கு ஏற்ற பயிர், சமவெளியில் முயல வேண்டாம். முகூர்த்த நேரத்துக்கு மல்லிச் சரமும் மொட்டில் செய்த பூ ஜடையும் அப்படியே இருக்கின்றன. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இது உறுதியான இடம். கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை மாணிக்கமாலைக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டும் மாலை அது. வேலியில் நிற்கும் நொச்சிக்குக்கூட மாலையில் வேலை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பஞ்சாங்கத்தை முன்வைத்துக் கணக்கு

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. மீதி மாதங்களில் எந்தெந்தத் தேதி முகூர்த்தம் என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வளர்பிறை முகூர்த்தத்துக்குக் கூட்டம் அதிகம். அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வரவேற்பு பெரும்பாலும் முந்தைய மாலையே நடக்கிறது. விடியற்கால முகூர்த்தத்துக்கும் பூ முந்தைய நாளே வாங்கப்படுகிறது. எனவே உங்கள் பூ சந்தைக்குப் போக வேண்டிய நாள் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள்.

மல்லியில் இருந்து தொடங்குவோம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்வது வழக்கம். அப்படிச் செய்தால் மார்ச் முதல் ஜூன் வரை பூ குவியும். சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் அந்தக் காலத்தில் வந்தாலும் எல்லோர் தோட்டத்திலும் பூ இருப்பதால் விலை நிற்பதில்லை. பறிகூலிக்கே கட்டாமல் செடியில் விட்டுவிடும் நாட்களும் உண்டு. மாறாக, தை முகூர்த்தத்தில் பனியால் மொட்டு வராமல், கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும் விலையை மதுரை, திண்டுக்கல் சந்தைகளில் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம்.

இதற்குத் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் கவாத்து செய்யாமல் இருப்பதே முதல் வழி. ஒரு ஏக்கர் இருந்தால் கால் ஏக்கரைச் செப்டம்பர் கடைசியில் கவாத்து செய்யுங்கள். மீதியை வழக்கம்போல் நவம்பரில் செய்யுங்கள். முன்கூட்டிச் செய்த பகுதியில் விளைச்சல் குறைவாகவே வரும், தை மாத விலைதான் அதை ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் கால் ஏக்கரோடு நிறுத்தச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை அந்தத் தளிரின் மேல்தான் பெய்யும். வடிகால் இல்லாத வயலில் இதை முயல வேண்டாம். கவாத்துக்குப் பிறகு செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 60, 120, 120 கிராம் என்பது ஒரு செடிக்கான ஆண்டுப் பரிந்துரை. இதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஜூன், ஜூலையில் மறு பாதி கொடுக்க வேண்டும். முன்கூட்டிக் கவாத்து செய்த பகுதிக்கு முதல் பாதியை அப்போதே கொடுத்துவிடுங்கள்.

மழை, பனிக் காலத்தில் மொட்டு இளஞ்சிவப்பாக மாறிச் சிறுத்துவிட்டால் மொட்டு ஈ வந்திருக்கிறது என்று பொருள். மாலை கட்டுபவர் அந்த மொட்டைத் தொடமாட்டார். பாதித்த மொட்டுகளைச் செடியிலேயே விடாமல் பறித்து அழிக்க வேண்டும். செடிக்கடியில் உள்ள மண்ணைக் கொத்திக் கிளறி, உதிர்ந்ததைக் கூட்டி எடுங்கள். விலை இல்லை என்று பறிக்காமல் விட்ட பூவும் இந்தப் பூச்சிகளுக்கு இடம் கொடுக்கும்.

குளிர்காலத்துக்கென்றே வேறு மல்லி வகை வேண்டும் என்பவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லியைச் சிறு பரப்பில் நட்டுப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் பூக்கும், மொட்டு எளிதில் விரியாது. வாசனை மெல்லியது. மதுரை மல்லிக்கு மாற்றாக நினைத்து வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காக்காட்டான் போல, மல்லி கிடைக்காத நாளில் சரத்தை நிரப்பும் பூ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பங்கியில் தேதி பார்க்கும் கவலை குறைவு. நட்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கி ஆண்டு முழுவதும் கொடுக்கும். மாலைக்கு ஒற்றை அடுக்கு ரகங்களே ஏற்றவை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல் ரகத்தில் பூ ஒவ்வொன்றும் எடையாக இருக்கும், மொட்டின் நுனியில் லேசான இளஞ்சிவப்பு ஓடும். அடுக்குச் சம்பங்கி கொய்மலருக்கு, அதாவது நீளக் காம்போடு மேடைக்கும் பூங்கொத்துக்கும் போவதற்கு. இதைத் தெரியாமல் அடுக்கு ரகத்தை நட்டுவிட்டு உதிரிப்பூச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிழங்கு வாங்கும்போது நூற்புழு இல்லாத வயலில் இருந்து வாங்குங்கள். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு நல்லது. எடுத்த கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு நட வேண்டும்.

ரோஜாவில் நாள் கணக்கு துல்லியமாகவே வரும். கவாத்து செய்த சுமார் 45 நாளில் பூ வரும். ஆவணி தொடக்கத்து முகூர்த்தத்துக்கு ஜூலை முதல் வாரத்தில் கவாத்து செய்தால் போதும். ஆவணியில் விநாயகர் சதுர்த்தியும் அதையொட்டி ஓணமும் வருவதால் தேவை இரட்டிப்பாகும். வயலை மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் கவாத்து செய்தால் பூ ஒரே வாரத்தில் குவியாது. இதழ் மாலைக்குப் பன்னீர் ரோஜாவும், கோர்வை மாலைக்குப் பட்டன் ரோஜாவும் போகும்.

ஒரு நாள் முன்னதாக ஒரு மஞ்சள் விழா

வட இந்தியாவில் இருந்து வந்த ஹல்தி என்ற மஞ்சள் விழா நம் ஊர்க் கல்யாணங்களிலும் நுழைந்துவிட்டது. இதைக் குறை சொல்வோர் உண்டு. நமக்கோ இது செண்டுமல்லிக்கு வந்த புதுச் சந்தை. பந்தலில் தொங்கும் சரம், ஊஞ்சல், இருக்கை என்று எல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும்தான். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் மட்டும் செண்டுமல்லி போட்டவர்கள் தை, மாசிக்கும் ஒரு பாத்தி போடலாம்.

நாற்று விட 25 முதல் 30 நாள், நட்டபின் பூக்க 60 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் வாரத்தில் பறிக்க அக்டோபர் நடுவில் விதைக்க வேண்டும். நடவு நவம்பர் நடுவில் வரும். அது மழை நாள். ஆகவே நிழல்வலைக்குள் குழித்தட்டில் நாற்று வளர்த்து, மேட்டுப்பாத்தியில் நடுங்கள். நட்ட 30-ம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை பெருகும். பறிப்பு இரண்டு மாதம் நீடிப்பதால் மாசி முகூர்த்தங்களுக்கும் இந்தப் பயிரே கொடுக்கும்.

சாமந்தி பகல் குறுகும்போது பூக்கும் பயிர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரவில் வயலில் மின்விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். நள்ளிரவில் சில மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் செடி மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். விளக்கை அணைத்த 8 முதல் 10 வாரத்தில் பூ. அதாவது எந்த முகூர்த்தத்துக்குப் பூ என்பதை விளக்கை அணைக்கும் நாள்தான் முடிவு செய்கிறது. மின்சார வசதியும் கவனமும் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

பசுமைக்குடில் அமைத்து ஜெர்பரா, கார்னேஷன் வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். இவை பெரும்பாலும் மேடைக்கும் பூங்கொத்துக்கும் போகிறவை. செயற்கைப் பூ நேரடியாக மோதுவது அந்த மேடையில்தான். மானியம் போக மீதி முதலீடு உங்கள் தலையில்தான் இருக்கும். ஓசூர், நீலகிரி போல வாங்குபவரும் குளிர்ந்த சூழலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் செய்யுங்கள். மானியம் கிடைக்கிறது என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

விற்பனையில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். விளைந்த பூ முழுவதையும் கமிஷன் மண்டிக்கே அனுப்பாமல், பக்கத்து ஊரில் மணமாலை கட்டும் இரண்டு மூன்று பேரிடம் அடுத்த இரண்டு மாத முகூர்த்த ஆர்டரைக் கேட்டு வையுங்கள். அவர்களுக்கு எத்தனை கிலோ, எந்த நிறம், மொட்டா விரிந்ததா என்பது முன்பே தெரியும். அந்த அளவுக்கு மட்டும் தரம் பிரித்துக் கொடுத்து, மீதியை மண்டிக்கு அனுப்பலாம்.

மல்லியை வெயில் ஏறுவதற்குள், விரியாத மொட்டாகப் பறித்துவிடுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் அழுத்திக் கட்டினால் உள்ளே சூடேறி மொட்டு பழுக்கும். ஈரத் துணி விரித்த மூங்கில் கூடையில் தளர்வாகப் போட்டு நிழலில் வையுங்கள். தூரச் சந்தைக்கு என்றால் தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் நேரடியாகப் பூவில் படாதபடி நடுவில் தாள் வைத்து அனுப்புங்கள். பூவின் மேல் தண்ணீர் தெளித்து எடை கூட்ட வேண்டாம். தண்ணீர் பட்ட மொட்டு மாலைக்குள் கறுக்கும், அதைக் கட்டியவர் மறுமுறை உங்கள் கூடையைத் திறக்க மாட்டார்.