எடைக் குறைப்பு: எந்த உணவுமுறை ஏற்றது?

மாவுச்சத்தைக் குறைத்தல், கொழுப்பைக் குறைத்தல், குறிப்பிட்ட நேரத்திற்குள் மட்டும் உண்ணுதல் என எடைக் குறைப்பிற்குப் பல உணவுமுறைகள் உள்ளன.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரிடம் 12 மாதங்கள் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்களின் எடை சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்களின் எடை 6 கிலோவும் குறைந்தது. இது குறிப்பிடத்தக்க வேறுபாடு அன்று. காய்கறிகளை மிகுதியாக உண்ணவும், சர்க்கரை, மைதா ஆகியவற்றைத் தவிர்க்கவும் இரு குழுவினருக்கும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆகவே, இவற்றுள் நீங்கள் நெடுங்காலம் கடைப்பிடிக்கக்கூடிய முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

எடை குறைந்த பின் பசி அதிகரிப்பதும், உடல் செலவிடும் ஆற்றல் குறைவதும் இயல்பு. எடை மீண்டும் கூடினால் அதை மனவுறுதிக் குறைவாகக் கருத வேண்டாம். தொடர்ந்த உடற்பயிற்சியும் வாரம் ஒருமுறை எடை பார்ப்பதும் உதவும். குடும்பத்தினர் குறை கூறாமல், அதே உணவை உடன் உண்டு துணை நிற்கலாம்.

எச்சரிக்கை: நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை பயன்படுத்துவோர் உணவைத் தவிர்த்தாலோ மாவுச்சத்தைக் குறைத்தாலோ, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். மருந்தின் அளவு குறித்து மருத்துவரிடம் கலந்தாலோசித்த பின்னரே உணவுமுறையை மாற்றவும்.