இரண்டாகப் பிரிந்த போசள நாடு

கி.மு. 323இல் கிரேக்கப் பேரரசர் அலெக்சாந்தர் பாபிலோனில் மறைந்தார். ஆட்சியை ஏற்கும் வயதில் அவருக்கு வாரிசு இல்லை. ஆகவே, படைத்தலைவர்கள் பேரரசுக்காகத் தமக்குள் போரிட்டனர். எகிப்தில் தாலமியும் மேற்காசியாவில் செலியூக்கசும் தத்தம் அரச மரபை நிறுவினர். மாசிதோனியா பின்னர் ஆன்டிகோனசின் மரபினர் வசமாயிற்று. இம்மரபுகள் இடைவிடாது பகைத்து வலிமை குன்றின. இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாக உரோமையரிடம் வீழ்ந்தன.

இதனை ஒத்த நிகழ்வொன்று கோலார் வரலாற்றிலும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னர்கள் துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அவ்வூர் இன்று ஹளேபீடு எனப்படுகிறது. சோழர் வலிமை குன்றியபோது, திருவரங்கத்திற்கு அருகிலுள்ள கண்ணனூரிலும் போசளர் ஆட்சி நிலைபெற்றது.

1254இல் போசள மன்னர் சோமேசுவரர் தம் நாட்டை மகன்கள் இருவருக்கும் பகிர்ந்தளித்தார். துவாரசமுத்திரத்தை உள்ளிட்ட கன்னடப் பகுதி மூன்றாம் நரசிம்மருக்கும், தமிழ்ப் பகுதி இராமநாதருக்கும் உரியவாயின. கோலார் இராமநாதரின் பங்கில் சேர்ந்தது.

பிரிந்த நாட்டைப் பகைவர் எளிதில் நெருங்கினர். பாண்டியருடன் நிகழ்ந்த போரில் சோமேசுவரர் உயிர்துறந்தார். பின்னர்க் கண்ணனூரும் பாண்டியர் கைக்குச் சென்றது. இராமநாதர் வடக்கே பெயர்ந்து, இன்றைய ஒசூர்ப் பகுதியிலுள்ள குந்தாணியில் இருந்து ஆண்டார். அதன்பின் உடன்பிறந்தார் இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டனர்.

இருவரும் மறைந்தபின், நரசிம்மரின் மகன் மூன்றாம் வல்லாளர் நாட்டை மீண்டும் ஒன்றாக்கினார். 1301இல் அவர் குந்தாணி அரசைச் சேர்ந்த நாடுகளின் கோயில்களுக்கு வரிகளை விட்டுக்கொடுத்து ஆணையிட்டார். அவ்வாணை தமிழில் கல்லில் பொறிக்கப்பட்டது. அதில் குறிக்கப்பெறும் ‘குவளால நாடு’ என்பதே கோலார்ப் பகுதி. வென்ற மன்னர் மக்களின் மொழியையும் வழிபாட்டையும் மதித்தார் என்பதை இது காட்டுகிறது. எனினும், ஒற்றுமை காலந்தாழ்ந்தே வந்தது. 1311இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கியது.

தங்கச் சுரங்கங்களில் உழைக்கத் தமிழர் பெருந்திரளாகக் கோலாருக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஆயினும், அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணின் கற்களில் தமிழும் கன்னடமும் அருகருகே இடம்பெற்றுவிட்டன.

சொற்பொருள்
வாரிசு – உரிமை பெறுபவர்
குன்றுதல் – குறைதல்
பெயர்தல் – இடம் மாறுதல்

வினாக்கள்
1. கோலார் எந்த மன்னரின் பங்கில் சேர்ந்தது?
2. அலெக்சாந்தரின் பேரரசும் போசள நாடும் பிரிந்த முறையில் காணும் வேற்றுமை யாது?