மழைக் கணக்கும் பேஸ்மென்ற் குடியிருப்பும்

ரொறொன்ரோவின் கோடை மழையைக் கடதாசியில் பார்த்தால் வெகு சாதுவாகத் தெரியும். பியர்சன் விமான நிலையத்தில் 1981 முதல் 2010 வரை அளந்த சராசரியின்படி யூனில் சுமார் 71 மில்லிமீற்றர், யூலையில் 76, ஓகஸ்டில் 78. யூலைப் பகல் வெப்பம் 27 பாகை. சோளகம் வீசும் இதே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணற்று நீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். மழைக்கு ஐப்பசி வரவேண்டும். இங்கே மாதம் தவறாமல் பெய்கிறது.

ஆனால் வானம் சராசரி பார்த்துப் பெய்வதில்லை. தெற்கே மெக்சிக்கோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் ஈரவெக்கை வடக்கின் குளிர்காற்றோடு முட்டும்போது இடியோடு கொட்டுகிறது. 2005 ஓகஸ்ட் 19இல் பிளக் கிறீக் ஓடை பெருகி, பிஞ்ச் அவெனியுவில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போனது. 2013 யூலை 8இல் பியர்சனில் 126 மில்லிமீற்றர். யூலை முழுவதும் பெய்யவேண்டியதை விட அதிகம், ஒரே மாலையில்! 2024 யூலை 16இல் ஏறக்குறைய 98. டொன் வலி பார்க்வே ஆறாகியது. அடுத்த மாதம் 17ஆம் திகதி 128.

எம்மவர் பலர் குடியிருப்பது பேஸ்மென்றில். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. குழாய் நிரம்பினால் நிலத்திலுள்ள வடிகால் துவாரத்தால் அது மேலே வரும். நாங்கள் இரவு வேலையில் நிற்போம். கீழே மனைவி பிள்ளைகள். கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்; அதற்குள்ளே அகதி வழக்குப் பத்திரங்கள், பிறப்பத்தாட்சி, ஊரிலிருந்து தப்பிவந்த இரண்டு படங்கள். கம்பளத்தைத் திரும்ப வாங்கலாம், அவற்றை எங்கே வாங்குவது? இன்றைக்கே பிளாஸ்ரிக் பையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும், நிலத்தடி நீரை இறைக்கும் பம்பும் பூட்ட நகரசபை பணஉதவி தருகிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். அவரும் அநேகமாக எங்கள் ஆள்தான். வாடகை கொடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். வாடகைக்காரர் காப்புறுதி எடுத்திருந்தாலும், கழிவுநீர் மேலெழுவதற்கான பாதுகாப்பை வழமையாகத் தனியாகச் சேர்க்கவேண்டும். முகவரிடம் அதைப் பெயர் சொல்லி விசாரியுங்கள்.

தண்ணீர் மின்செருகி மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்குள் கால் வைக்கவேண்டாம். பிள்ளைகளோடு மேலே ஏறி, 311க்குத் தொலைபேசி எடுங்கள்.